டேஞ்சர், வார்னிங், காஷன்: எல்லாவற்றுக்கும் ‘எச்சரிக்கை’ என்றே எழுதிவிடலாமா?

ஒரகடம் பக்கம் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில், பாதுகாப்புப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: “இயந்திரங்களில் டேஞ்சர், வார்னிங், காஷன், நோட்டீஸ் என்று விதவிதமாக ஒட்டியிருக்கிறார்கள். தமிழில் போடும்போது எல்லாவற்றுக்கும் ‘எச்சரிக்கை’ என்றே எழுதிவிடலாமா? அதோடு, வெளிநாட்டிலிருந்து வரும் பொறியாளர்கள் பேசும்போது எதைச் சும்மா சொல்கிறார்கள், எதை நிஜமான ஆபத்து என்று சொல்கிறார்கள் என்றே பிடிபடவில்லை. எப்படிப் புரிந்துகொள்வது?”

தம்பி, முதல் கேள்விக்குப் பதில்: கூடாது. நானே அப்படி எழுதிவிட்டு அதன் விளைவைக் கண்ணால் பார்த்தவன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இருபது வருடமாக இயந்திரக் கையேடுகளையும் லேபிள்களையும் தமிழுக்குக் கொண்டுவருவது என் தொழில். ஆரம்ப காலத்தில், உலோகத் தகட்டை அழுத்தி வடிவமாக்கும் ஒரு ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்கு லேபிள் எழுதிக் கொடுத்தேன். முன்பக்கம், அச்சுகள் வந்து சேரும் இடத்தில், ஆரஞ்சு நிறத்தில் ‘வார்னிங்’ என்று இருந்தது. பக்கவாட்டில், எண்ணெய்க் குழாய்க்கு மேலே, மஞ்சளில் ‘காஷன்’. இரண்டையும் ‘எச்சரிக்கை’ என்று போட்டேன். அச்சிட்டவர்களும் செலவு குறையட்டும் என்று இரண்டையும் ஒரே மஞ்சளில் அடித்துவிட்டார்கள். சில மாதம் கழித்து அங்கே போனபோது, ஒரு ஆபரேட்டர் உள்ளே சிக்கிய ஸ்கிராப் துண்டை எடுக்கக் கையை விட்டதையும், பக்கத்தில் இருந்தவர் சிவப்புப் பொத்தானை அடித்து நிறுத்தியதையும் சொன்னார்கள். கைக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த ஆபரேட்டரிடம் பேசினேன். “குழாய்ல இருக்கிற அதே எழுத்துதான சார் இங்கயும் இருக்கு. குழாய் தொட்டா லேசா சுடும், அவ்வளவுதான். இதுவும் அந்த மாதிரின்னு நினைச்சுட்டேன்” என்றார். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. இரண்டு வெவ்வேறு அளவுகளுக்கு ஒரே சொல்லைக் கொடுத்தது நான்தான்.

இயந்திரத்தில் ஒட்டியிருக்கும்போது அந்த நான்கு சொற்களும் அகராதிப்படி வருவதில்லை. நான்கு படிகளாக வருகின்றன. அமெரிக்காவில் பாதுகாப்பு லேபிள்களுக்கு ஆன்சி இசட்535 என்று ஒரு தரநிலைத் தொகுப்பு உண்டு, 1991-இல் வெளிவந்தது. உலகம் முழுக்க இயந்திரம் விற்பவர்கள் பலரும் அதையே பின்பற்றுகிறார்கள். அதன்படி டேஞ்சர் என்றால், தவிர்க்காவிட்டால் சாவு அல்லது படுகாயம் நிச்சயம். வார்னிங் என்றால் சாவோ படுகாயமோ நேரக்கூடும். காஷன் என்றால் சிறு காயமோ நடுத்தரக் காயமோ நேரக்கூடும். நோட்டீஸ் என்றால் ஆளுக்கு ஆபத்தில்லை, பொருள் கெட்டுப்போகும். நிறங்கள் முறையே சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், நீலம். முதல் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஆங்கிலத்தில் ‘வில்’, ‘குட்’ என்ற சின்னச் சொற்களில்தான் இருக்கிறது. தமிழில் அதுவே ‘நசுங்கும்’, ‘நசுங்கக்கூடும்’ என்று ஆகும். மூன்றாவதற்கு வரும்போது உயிர் கணக்கிலேயே இல்லை. அந்த ஆபரேட்டரின் கை, நான் ‘எச்சரிக்கை’ என்று எழுதிய இரண்டாம் படிக்கும் மூன்றாம் படிக்கும் நடுவில்தான் போய் நின்றது.

சரி, இந்த நான்கையும் மனப்பாடம் செய்துகொண்டால் போதுமா என்றால், போதாது. பலர் தடுக்கி விழும் இடம் இதற்கு அப்புறம்தான் வருகிறது. வார்னிங் என்ற ஒரே சொல், எந்த அளவுகோலில் நிற்கிறது என்பதைப் பொறுத்து ஏறும், இறங்கும்.

உங்கள் தொழிற்சாலையின் ரசாயனக் கிடங்குக்குப் போய் ஒரு டிரம்மைப் பாருங்கள். ரசாயனங்களுக்கு ஐக்கிய நாடுகள் சபை 2003-இல் வெளியிட்ட ஜிஎச்எஸ் என்ற முறையில் இரண்டே சொற்கள்தான்: டேஞ்சர், வார்னிங். அங்கே காஷனே கிடையாது. ஆகவே டிரம்மில் வார்னிங் என்று இருந்தால் அது கீழ்ப்படி. ஒரே டிரம்மில் இரண்டு சொற்களும் வராது. டேஞ்சர் பொருந்தினால் அது மட்டும்தான் இருக்கும். இப்போது ஒரு விமானத்தின் விமானி அறைக்குப் போங்கள். அங்கே வார்னிங்தான் உச்சம். சிவப்பு விளக்கு எரியும், உடனே செயல்பட வேண்டும். காஷன் என்றால் ஆம்பர், அதாவது மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த நிறம். உடனே கவனிக்க வேண்டும், செயல் சற்றுப் பிறகு. இயந்திரத்தில் இரண்டாவது, டிரம்மில் கடைசி, விமானத்தில் முதல். ஆகவே ‘வார்னிங் என்றால் எவ்வளவு ஆபத்து?’ என்று பொதுவாகக் கேட்டால் பதில் சொல்ல முடியாது. எதில் ஒட்டியிருக்கிறது என்று தெரிந்தால்தான் சொல்ல முடியும்.

வானிலையிலும் இதே கதைதான். அமெரிக்காவில் சூறாவளிக் காற்றுக்கு ‘வாட்ச்’ என்றால், வருவதற்கான சூழல் இருக்கிறது, தயாராக இருங்கள் என்று பொருள். ‘வார்னிங்’ என்றால் வந்துவிட்டது அல்லது வந்துகொண்டே இருக்கிறது, பதுங்குங்கள் என்று பொருள். அந்த ஊர்க்காரர்களே இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள். நம் இந்திய வானிலை ஆய்வு மையம் மஞ்சளுக்கு வாட்ச், ஆரஞ்சுக்கு அலர்ட், சிவப்புக்கு வார்னிங் என்று வைத்திருக்கிறது. நாமோ மழைக்காலம் வந்தால் ‘ரெட் அலர்ட்’ என்கிறோம். மையத்தின் கணக்குப்படி அலர்ட் என்பது ஆரஞ்சின் சொல். ஆனால் ‘ரெட் அலர்ட்’ தமிழ்நாட்டில் வீடு வீடாகப் பரவிவிட்டது, மாற்றச் சொல்ல மாட்டேன். ‘சிவப்பு’ என்ற பகுதி தன் வேலையைச் சரியாகச் செய்கிறது: குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பலாமா வேண்டாமா என்பதற்கு அதுவே போதும்.

இனி, லேபிளை விட்டு அன்றாடப் பேச்சுக்கு வருவோம். பேச்சில் இந்தப் படிகள் எதுவும் செல்லாது. அங்கே ஒவ்வொரு சொல்லும் தன் பழைய வாசனையோடு வருகிறது. அந்த வாசனை தெரிந்தால் மறக்காது, அதனால் கொஞ்சம் சொல்கிறேன்.

டேஞ்சர் முதலில் ஆபத்தைக் குறிக்கவே இல்லை. பழைய பிரெஞ்சு வழியாக வந்தபோது அதற்குப் பொருள் எஜமானின் அதிகாரம். ஒருவருடைய டேஞ்சரில் இருப்பது என்றால் அவர் பிடியில் இருப்பது, அவர் நினைத்தால் உன்னை என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்ற நிலை. மின்மாற்றியில் மண்டையோட்டுக்குக் கீழே ‘அபாயம்’ என்று எழுதியிருக்கிறதே, அந்த வேலிக்கு உள்ளே போனவன் யார் பிடியில் இருக்கிறான் என்று யோசித்துப் பாருங்கள். பழைய பொருள் இன்னும் சாகவில்லை.

காஷன் வேறு குடும்பம். லத்தீனில் அதன் வேர்ச்சொல்லுக்கு ‘முன்ஜாக்கிரதையாக இரு’ என்று பொருள். சட்டத்தில் அது ‘பிணை’ என்றும் ஆயிற்று. இத்தாலியின் பாம்பெயி நகரில், கி.பி. 79-இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த ஒரு வீட்டு வாசலில், சங்கிலி போட்ட நாயின் படத்தோடு ‘காவே கானெம்’ என்று பதித்திருக்கிறார்கள். நம் ஊர் கேட்டில் தொங்கும் ‘நாய்கள் ஜாக்கிரதை’ பலகைதான் அது. அந்தக் ‘காவே’யும் நம் காஷனும் ஒரே வேர். கல்லூரியில் சேரும்போது ‘காஷன் டெபாசிட்’ கட்டினீர்களே, அதில் இருப்பது பிணை என்ற பொருள்: எதையாவது உடைத்தால் இதிலிருந்து எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தில் போலீஸ் ஒருவரைக் கைது செய்யும்போது ‘நீங்கள் எதுவும் பேச வேண்டிய கட்டாயம் இல்லை’ என்று சொல்லும் வாசகத்துக்கும் காஷன் என்றுதான் பெயர். கால்பந்து விதிகளில் மஞ்சள் அட்டைக்குச் சொல்லும் முறையான சொல்லும் அதுவே. அந்த அட்டை 1970 மெக்சிகோ உலகக்கோப்பையில் அறிமுகமானது. ஆக, காஷன் என்றால் ‘இன்னும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, இனிமேல் பார்த்து நட’ என்ற தொனி எப்போதும் உண்டு.

அலர்ட்டும் அலாரமும் இத்தாலியக் காவல்காரர்களிடமிருந்து வந்தவை. அலர்ட் ‘உயரத்தில் ஏறி நின்று கவனி’ என்பதிலிருந்தும், அலாரம் ‘ஆயுதத்தை எடு’ என்பதிலிருந்தும் பிறந்தன. முதலாவது விழித்திருப்பது, இரண்டாவது எழுந்து ஓடுவது. நம் ஜாக்கிரதையும் வடமொழியில் விழித்திருப்பதிலிருந்து வந்ததுதான். அலர்ட்டுக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ்ச்சொல் எனக்குத் தெரியவில்லை.

பேச்சில் தினமும் காதில் விழுவது இவை எதுவுமில்லை, சின்னச் சின்ன வினைச்சொற்கள்தான். ‘லுக் அவுட்!’ என்று கத்தினால் இந்த நொடியே ஏதோ மேலே விழப்போகிறது, பேச நேரமில்லை. ‘வாட்ச் அவுட்!’ அதே இடத்திலும் வரும், நாளைக்கு நடக்கப்போவதற்கும் வரும்: சந்தைக்குப் போகிறாயா, பிக்பாக்கெட் இருக்கும், வாட்ச் அவுட். இரண்டுக்கும் தமிழில் ‘பார்த்து!’ என்ற ஒரு சொல் அச்சாகப் பொருந்தும். ஆனால் ‘வாட்ச் இட்!’ என்று கேட்டால் பெரும்பாலும் அது கோபம். ‘வாயை அடக்கு, இல்லையென்றால் நடப்பதே வேறு’ என்ற அர்த்தத்தில் வரும். கடைசிச் சொல் ஒன்று மாறியதும் அக்கறை மிரட்டல் ஆகிவிடுகிறது.

‘மைண்ட்’ என்பது பிரிட்டிஷ்காரர்களின் சொல். மைண்ட் யுவர் ஹெட் என்றால் தலை இடிக்கும், குனி. அமெரிக்கர் அதையே வாட்ச் யுவர் ஹெட் என்பார். லண்டன் பாதாள ரயிலில் 1968 முதல் ஒலிக்கும் ‘மைண்ட் த கேப்’ (ரயிலுக்கும் நடைமேடைக்கும் நடுவே இடைவெளி இருக்கிறது, பார்த்து) இப்போது தில்லி மெட்ரோ வரை வந்துவிட்டது. மூன்றே சொல், மூன்றும் ஓரசை. ரயில் இரைச்சலிலும் தேய்ந்துபோகாமல் கேட்கும். லண்டன் எம்பேங்க்மென்ட் நிலையத்தில் அந்த வாசகம் ஒரு நடிகரின் பழைய பதிவாக ஒலித்துவந்தது. அவர் இறந்த பிறகு அவருடைய மனைவி அந்தக் குரலைக் கேட்பதற்காகவே அங்கே போய் உட்கார்வாராம். ஒருநாள் பதிவை மாற்றிவிட்டார்கள். அவர் கேட்டுக்கொண்டதும் 2013-இல் அந்த நிலையத்தில் மட்டும் பழைய குரலையே திரும்பப் போட்டார்கள். ஒரு அபாய அறிவிப்பு இப்படி ஒருவருக்கு ஆறுதலாக இருந்ததை நினைத்தால் எனக்கு நெஞ்சு நெகிழும்.

‘ஹெட்ஸ் அப்’ உங்களைக் குழப்பியிருக்கும். கட்டட வேலையிடத்தில் கத்தினால், மேலே பார், ஏதோ வருகிறது என்று பொருள். மின்னஞ்சலில் ‘ஜஸ்ட் எ ஹெட்ஸ் அப்’ என்று ஆரம்பித்தால் ‘முன்கூட்டியே காதில் போட்டு வைக்கிறேன்’ என்று பொருள், பதற்றம் வேண்டாம். ஹோட்டல் சமையலறைகளில் ‘பிஹைண்ட்!’, ‘ஹாட்!’ என்று கத்திக்கொண்டே நடப்பார்கள். கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியோடு வருபவர் ‘சூடு, சூடு!’ என்பதும் அதேதான். ‘எச்சரிக்கை’ என்று எந்த ஊர்ப் பந்தியிலும் யாரும் கத்துவதில்லை, பாருங்கள். உயிருக்கு அவசரம் என்றால் மனிதர்கள் எச்சரிக்கை என்ற பெயரைச் சொல்வதில்லை. சூடு, பின்னால், குனி, நிறுத்து என்று விஷயத்தைச் சொல்வார்கள்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. வெளிநாட்டுப் பொறியாளர், அதிலும் பிரிட்டிஷ்காரர், ‘யூ மைட் வான்ட் டு செக் தட் வால்வ்’ என்று மெதுவாகச் சொன்னால், ‘உனக்கு விருப்பம் இருந்தால் பார்’ என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ‘அந்த வால்வை இப்போதே பார்’ என்பதுதான் அது. ‘ஐ வுடன்ட் டூ தட் இஃப் ஐ வேர் யூ’ என்பது இன்னும் கடுமையானது: செய்யாதே. குரல் தாழ்வதை வைத்து ஆபத்து குறைவு என்று கணக்குப் போடக்கூடாது.

1982 ஜூன் 24 இரவு, மும்பை, கோலாலம்பூர் வழியாக ஆஸ்திரேலியா நோக்கிப் போய்க்கொண்டிருந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஜாவா தீவுக்கு அருகே எரிமலைச் சாம்பலுக்குள் புகுந்துவிட்டது. கேப்டன் எரிக் மூடி பயணிகளிடம் சொன்னது: நமக்கு ஒரு சின்னப் பிரச்சினை, நான்கு என்ஜின்களும் நின்றுவிட்டன, அவற்றை ஓடவைக்க எங்களால் ஆன மட்டும் முயல்கிறோம், நீங்கள் ரொம்பவும் கலங்கிப்போயிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். ‘ஸ்மால் பிராப்ளம்’ என்றவர் உண்மையை ஒளிக்கவில்லை. அடுத்த வாக்கியத்திலேயே என்ன நடந்தது என்று பச்சையாகச் சொல்லிவிட்டார். விமானம் ஜகார்த்தாவில் இறங்கியது, அத்தனை பேரும் பிழைத்தார்கள்.

மென்மையாகப் பேசியதோடு உண்மையும் மென்மையாகிப்போனால் என்ன ஆகும் என்பதற்கு இன்னொரு விமானம் இருக்கிறது. 1990 ஜனவரி 25, கொலம்பியாவிலிருந்து நியூயார்க் வந்த அவியாங்கா 52. மோசமான வானிலையால் அதை ஒரு மணி நேரத்துக்கும் மேலாக வானத்திலேயே சுற்றவிட்டார்கள். எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது. முதல் முறை இறங்க முயன்று முடியாமல் மேலேறியபோது, ‘நாம் எமர்ஜென்சியில் இருக்கிறோம் என்று சொல்’ என்று கேப்டன் ஸ்பானிஷில் சொன்னார். துணை விமானி கட்டுப்பாட்டு அறையிடம் ஆங்கிலத்தில் சொன்னது: சரி, அந்தத் திசையிலேயே திரும்புகிறோம், இன்னொரு முறை முயல்கிறோம், எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது. எமர்ஜென்சி என்ற சொல்லும் இல்லை, உயிராபத்தில் விமானிகள் சொல்லும் ‘மேடே’ என்ற சொல்லும் இல்லை. ‘சொல்லிவிட்டாயா?’ என்று கேப்டன் கேட்டதற்கு, ‘சொல்லிவிட்டேன்’ என்று அவர் பதில் சொன்னார். எல்லா விமானத்திலும்தான் எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கும். கேட்டவர்களுக்கு அந்த வாக்கியம் வழக்கமான பேச்சாகவே பட்டது. விமானம் லாங் ஐலண்டில் கோவ் நெக் என்ற ஊரில் விழுந்தது. 158 பேரில் 73 பேர் இறந்தார்கள்.

மேடே என்ற சொல்லே இந்த மாதிரிக் குழப்பத்துக்கு இடம் வைக்கக்கூடாது என்றுதான் பிறந்தது. 1920-களின் தொடக்கத்தில் லண்டன் கிராய்டன் விமான நிலையத்தின் வானொலி அதிகாரி ஃபிரெடரிக் மாக்ஃபோர்ட், ‘எனக்கு உதவுங்கள்’ என்ற பிரெஞ்சுத் தொடரின் ஒலியிலிருந்து அதை எடுத்தார். மூன்று முறை சொல்ல வேண்டும். வேறு எந்தப் பேச்சிலும் தற்செயலாக வராது. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாத அவசரத்துக்கு ‘பான் பான்’ என்று தனிச்சொல் வைத்தார்கள். எரிபொருளுக்கும் இப்போது விதி இருக்கிறது: இனித் தாமதிக்க இடமில்லை என்றால் ‘மினிமம் ஃப்யூயல்’, உண்மையிலேயே அவசரம் என்றால் ‘மேடே ஃப்யூயல்’. உங்கள் தொழிற்சாலையிலும் இப்படி ஒரு சொல்லை எல்லோரும் கூடித் தேர்ந்தெடுத்து வையுங்கள். ‘ஸ்டாப்’ போதும். யார் கத்தினாலும், ஹெல்பர் கத்தினாலும், லைன் நிற்க வேண்டும்; காரணத்தை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

சொல் இல்லாத இடத்திலும் ஒரு கண் வைத்திருங்கள். அமெரிக்காவில் பெஞ்சமின் லீ வோர்ஃப் என்ற மொழியியலாளர் பிழைப்புக்குத் தீக்காப்பீட்டு நிறுவனத்தில் ஆய்வாளராக இருந்தார். பெட்ரோல் நிரம்பிய டிரம்களுக்குப் பக்கத்தில் எல்லோரும் பயந்து நடப்பதையும், ‘காலி’ டிரம்களுக்குப் பக்கத்தில் தாராளமாகப் புகைப்பதையும் கவனித்தார். காலி டிரம்மில்தான் ஆவி நிறைந்திருக்கும், அதுதான் வெடிக்கும். ‘காலி’ என்ற சொல் ஆபத்தும் காலி என்று நினைக்கவைத்துவிட்டது. நம் ஊரிலும் ‘காலி டிரம்தானே’ என்று அதன் மேல் வெல்டிங் வைப்பவர்கள் உண்டு. ரசாயன டிரம்மில் ‘இன்ஃப்ளேமபிள்’ என்று இருந்தால் தீப்பற்றாது என்று படிக்கக்கூடாது. ‘ஃப்ளேமபிள்’, ‘இன்ஃப்ளேமபிள்’ இரண்டும் ஒன்றே, இரண்டும் எரியும். இந்தக் குழப்பத்துக்காகவே 1920-களில் அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் குட்டையான சொல்லையே எழுதச் சொன்னது.

அறிக்கை எழுதும்போது உதவும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நாம் ‘மேனேஜர் வார்ன் பண்ணினார்’ என்றால் திட்டினார் என்று அர்த்தம். ஆங்கிலேயர் காதில் அது பாதி வாக்கியம். எதைப் பற்றி என்று காத்திருப்பார். ‘வார்ன்ட் மீ அபவுட் த ஃப்ளோர்’ என்றால் தரை வழுக்கும் என்று முன்னாலேயே சொன்னார். ‘வார்ன்ட் மீ நாட் டு என்டர்’ என்றால் நுழையாதே என்றார். ‘வார்ன்ட் மீ டோன்ட் என்டர்’ என்று எழுதுவது நம் தமிழ் வாக்கியம் ஆங்கிலச் சட்டை போட்டது, தவிர்த்துவிடுங்கள். ‘ஐ ஆம் வார்னிங் யூ’ என்று யாரிடமும் சொல்லாதீர்கள், அது சண்டைக்கு அழைப்பது. ‘டேக் கேர்’ என்று அவர்கள் சொன்னால் பின்னால் திரும்பிப் பார்க்க வேண்டாம், விடைபெறுகிறார்கள்.

பலகைக்கு நான் இப்போது எழுதும் முறை இது: டேஞ்சருக்கு அபாயம், வார்னிங்குக்கு எச்சரிக்கை, காஷனுக்குக் கவனம், நோட்டீஸுக்கு அறிவிப்பு. நிறத்தை மாற்ற அச்சகத்தை அனுமதிப்பதில்லை. தலைப்புச் சொல்லுக்குக் கீழே என்ன ஆகும், என்ன செய்ய வேண்டும் என்று இரண்டே வரி. அந்த பிரஸ்ஸில் இப்போது முன்பக்கம் ஆரஞ்சில் இப்படி இருக்கிறது: “எச்சரிக்கை. அச்சுக்கு நடுவே கை போனால் நசுங்கிவிடக்கூடும். மெயின் சுவிட்சை அணைத்து, பூட்டு போட்டு, சாவியைச் சட்டைப் பையில் வைத்த பிறகே கை விடவும்.” பக்கவாட்டில் மஞ்சளில்: “கவனம். குழாய் சுடும். கையுறை போட்டுத் தொடவும்.” சட்டைப் பையைச் சேர்க்கச் சொன்னது அந்த ஆபரேட்டர்தான்.